மூடப்படும் முன் பார்த்தவர் யார்? வீட்டின் கட்டுமானக் குறைகளும் தொழில்முறைப் பொறுப்பும்

ஒரு வீட்டின் பெரும்பகுதி, அதில் குடியிருப்பவர் கண்ணில் ஒருபோதும் படுவதில்லை. அஸ்திவாரத்துக்கு அடியில் மண் எப்படி இருந்தது, தூணுக்குள் எத்தனை கம்பி எந்த இடைவெளியில் நின்றது, கான்கிரீட்டில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினார்கள், குளியலறைத் தரையின் நீர்க்காப்புப் பூச்சு சுவரோரமாக எவ்வளவு உயரம் ஏறியது என்பதெல்லாம் சில மணி நேரமோ சில நாட்களோ மட்டுமே திறந்து கிடக்கும். அதன்பின் மண்ணும் கான்கிரீட்டும் பூச்சும் டைல்ஸும் அவற்றை மூடிவிடும்.

ஆண்டுகள் கழித்துச் சுவரில் ஒரு கோடு விழுகிறது, கூரையில் ஒரு கறை படர்கிறது, நன்றாகச் சாத்திக்கொண்டிருந்த கதவு நிலையில் இடிக்கிறது. வீட்டுக்கு இப்போதுதான் ஏதோ வந்துவிட்டதாக நினைக்கிறோம். பெரும்பாலான நேரங்களில் அது, அந்தச் சில மணி நேரத்தில் யாரோ செய்த தவறு, அல்லது செய்யாமல் விட்ட வேலை, இத்தனை நாள் கழித்து அனுப்பும் தகவல். குறை என்ன என்று பொறியாளரிடம் கேட்கிறோம். அதற்கு யார் பொறுப்பு என்று வழக்கறிஞரிடம் கேட்கிறோம். இரண்டு கேள்விகளும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கின்றன: மூடப்படும் முன் பார்த்திருக்க வேண்டியவர் யார், அவர் பார்த்தாரா?

விரிசல் சொல்வது

விரிசலைக் கண்டவுடன் பதறுவதும் தவறு, பட்டி பார்த்து வண்ணம் அடித்து மறப்பதும் தவறு. சிமெண்ட் கலந்த எதுவும் காயும்போது சுருங்கும். சுருங்க விடாமல் தடுக்கப்படும் இடத்தில் கீறிக்கொள்ளும். பூச்சின் மேல் வலைபோலப் பரவும் மெல்லிய கீறல்கள், கலவையில் சிமெண்டோ தண்ணீரோ கூடிவிட்டதையும் பூச்சு வேகமாகக் காய்ந்துவிட்டதையும் காட்டுகின்றனவே அன்றி, சுவரின் உடலுக்குள் அவை போவதில்லை. கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் கோட்டில் நேராக மேலிருந்து கீழே விழும் விரிசலும் வீட்டைச் சாய்த்துவிடாது. இரண்டும் வெயிலிலும் ஈரத்திலும் வெவ்வேறு அளவில் நீண்டு சுருங்கும் பொருட்கள் என்பதால், பூச்சுக்கு முன் அந்தச் சேர்க்கையில் கம்பிவலை அடிப்பது வழக்கம். வலை அடிக்கப்படவில்லை, அல்லது ஒழுங்காக அடிக்கப்படவில்லை என்பதே அந்தக் கோட்டின் செய்தி. மேல்மாடிச் சுவரும் கூரைத் தளமும் சேரும் இடத்தில் படுக்கைவாட்டில் ஓடும் விரிசல், வெயிலில் நீண்டு இரவில் சுருங்கும் தளம் சுவரைத் தன்னோடு இழுப்பதால் வருவது. ஜன்னல், கதவு மூலைகளிலிருந்து சாய்வாகப் புறப்படும் கோடு, திறப்புகளின் மூலையில் விசை குவிவதையும், அங்கே திறப்பின் மேல் சுமை தாங்கும் லிண்டல் என்ற உத்தரம் இரு பக்கமும் போதிய நீளம் சுவரில் உட்காரவில்லையோ என்ற ஐயத்தையும் காட்டுகிறது.

இவற்றிலிருந்து வேறுபட்டுத் தெரிவது, செங்கல் இணைப்புகளைப் பின்பற்றிப் படிக்கட்டுபோல ஏறும் விரிசல். இது மண் பேசும் மொழி. அஸ்திவாரத்தின் ஒரு பகுதி மற்றதைவிடக் கூடுதலாக இறங்கும்போது சுவர் இப்படிப் பிளக்கிறது. விரிசல் மேலே அகன்றும் கீழே குறுகியும் இருந்தால் சுவரின் ஓரங்கள் இறங்கியிருக்கலாம். கீழே அகன்று மேலே குறுகினால் நடுப்பகுதி தொய்ந்திருக்கலாம். வறண்ட காலத்தில் வாய் திறந்து மழைக்காலத்தில் மூடிக்கொள்ளும் விரிசல் என்றால், அடியில் ஈரத்தால் உப்பி வறட்சியில் சுருங்கும் களிமண் இருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். அத்தகைய மண்ணில் மண் பரிசோதனை செய்யாமல் அஸ்திவார ஆழத்தை முடிவு செய்தவர் யார் என்ற கேள்வி, அந்த விரிசலோடு சேர்ந்தே பிறக்கிறது.

அகலத்துக்கு ஒரு நல்ல அளவுகோல், பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையம் வகுத்தது. செங்கல், கல் கொண்டு கட்டிய கட்டுச் சுவர்களில் 0.1 மில்லிமீட்டருக்குக் குறைவானவற்றைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. 5 மில்லிமீட்டர் வரை பெரும்பாலும் தோற்றம் சார்ந்த குறை. 5 முதல் 15 மில்லிமீட்டர் வரை கதவு ஜன்னல்கள் சிக்கி, குழாய்கள் உடையக்கூடிய நிலை. 25 மில்லிமீட்டரைத் தாண்டினால் சுவர் நிலைத்து நிற்குமா என்பதே ஐயத்துக்குரியது. ஆனால் இந்த அளவுகோல் கட்டுச் சுவருக்கு உரியது. இதையே கான்கிரீட் பீமுக்கும் தூணுக்கும் பொருத்திப் பார்த்து நிம்மதி அடைபவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். கம்பி போட்ட கான்கிரீட்டில் பொதுவாக ஏற்கப்படும் விரிசலின் அகலமே ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர்தான். பீமின் நடுப்பகுதியில் அடியிலிருந்து மேல்நோக்கி ஏறும் மயிரிழைக் கோடுகள், சுமையைத் தாங்கும்போது எந்தப் பீமிலும் ஓரளவு வரக்கூடியவை. அதே பீம் தூணோடு சேரும் இடத்துக்கு அருகில், சுமார் 45 பாகைச் சாய்வில் ஒரு விரிசல் தெரிந்தால் அது வேறு வகை. அது வெட்டுவிசையால், அதாவது பீமைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் விசையால் வருவது. வெட்டுவிசையால் உடையும் பீம் முன்னறிவிப்பு தராமல் உடையும். அதைக் கண்டவர் அன்றே அந்தப் பகுதியில் இருக்கும் சுமையைக் குறைத்து, முட்டுக் கொடுத்து, கட்டமைப்புப் பொறியாளரை அழைக்க வேண்டும்.

அகலத்தைவிட முக்கியமானது, விரிசல் இன்னும் வளர்கிறதா என்பது. இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் குறுக்கே ஒரு சிறு கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுத வேண்டும். நடுவில் விரிசலின் இருபுறமும் இரண்டு புள்ளிகள் வைத்து அவற்றின் இடைவெளியை அளந்து குறிக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து மீண்டும் பார்த்தால், கோடு பென்சில் குறியைத் தாண்டி இரண்டு விரற்கடை நீண்டிருக்கலாம்; அல்லது அப்படியே நின்றிருக்கலாம். நீண்டிருந்தால் புதிய தேதியோடு இன்னொரு குறி. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்தபின் சுவரிலேயே ஒரு நாட்குறிப்பு உருவாகிவிடும். பின்னாளில் நீதிமன்றத்தில் ஆயிரம் வார்த்தை சொல்லி நிறுவ வேண்டியதை, ஒரு சென்டிமீட்டர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எடுத்த ஆறு படங்கள் சொல்லிவிடும்.

கம்பியின் மேல் எத்தனை மில்லிமீட்டர்

வீடுகளில் நான் மிக ஆபத்தானதாகக் கருதும் குறை, மிக மெதுவாக வேலை செய்வது: கம்பி துருப்பிடித்தல். கான்கிரீட் கடுமையான காரத்தன்மை உள்ளது. புதிதாக இருக்கும்போது அதன் பி.எச். அளவு 12.5-க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் ஒரு மெல்லிய படலம் உருவாகித் துருவைத் தடுக்கிறது. காற்றில் உள்ள கரியமில வாயு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே மெல்ல உள்ளே புகுந்து அந்தக் காரத்தை நடுநிலையாக்கிக்கொண்டே போகும். அந்த எல்லை கம்பியைத் தொடும் நாளில் காப்புப் படலம் போய்விடும். ஈரமும் உயிர்வளியும் கிடைத்தால் துரு தொடங்கும். உப்பு கலந்த மணலையோ நீரையோ பயன்படுத்தியிருந்தால், எல்லை கம்பியை எட்டும் வரைகூடக் காத்திருக்காது. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை நேரடியாகவே அரிக்கும்.

துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைக்கும். கான்கிரீட்டுக்குள் இதற்கு இடமில்லை. அதனால் கம்பி ஓடும் கோட்டிலேயே முதலில் ஒரு நீள விரிசல், பிறகு பழுப்புக் கறை, பிறகு கைப்பிடி அளவில் கான்கிரீட் பெயர்ந்து விழுதல் என்று வரிசையாக நடக்கும். பெயர்வதற்கு முன்பே இதைக் கண்டுபிடிக்கலாம். சிறு சுத்தியலால் பீமின் அடிப்பகுதியை நெடுகத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடத்தில் 'ணங்' என்று கேட்கும் ஒலி, உள்ளே பிரிந்துவிட்ட இடத்தில் பொத்தென்று மாறும். டைல்ஸைக் காசால் தட்டி, அடியில் கலவை பிடிக்காத இடங்களைக் கண்டுபிடிப்பதும் இதே உத்திதான். கான்கிரீட்டின் புதிதாக உடைத்த முகத்தில் பினால்ப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரம் மிஞ்சியுள்ள பகுதி அடர் இளஞ்சிவப்பாகும்; காரம் இழந்த பகுதி நிறம் மாறாது. நிறம் மாறாத பட்டையின் தடிமனை அளந்து, கம்பியின் மேலுள்ள கான்கிரீட்டின் தடிமனோடு ஒப்பிட்டால், அந்த வீட்டுக்கு எவ்வளவு காலம் மிச்சம் என்று ஓரளவு கணிக்கலாம்.

கம்பியின் மேலுள்ள அந்தத் தடிமனுக்குக் கட்டுமானத் தளத்தில் 'கவர்' என்று பெயர். தளத்துக்கு 20, பீமுக்கு 25, தூணுக்கு 40 மில்லிமீட்டர் என்பது போன்ற அளவுகள் வரைபடத்தில் இருக்கும். கடலோரச் சூழலில் இன்னும் கூடும். இந்தத் தடிமனைக் காப்பது, கம்பிக்கும் சென்ட்ரிங் பலகைக்கும் நடுவே வைக்கும் கவர் பிளாக் எனப்படும் சின்னஞ்சிறு கட்டைகள். விலையில் அற்பமான இந்தப் பொருளை வைக்காமல் விட்டால், கம்பி பலகையின் மேலேயே படுத்துவிடும். கரியமில வாயு புகும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே கூடும். ஆகவே கவர் பாதியானால் கம்பி பத்திரமாக இருக்கும் காலம் பாதியாவதில்லை, கால்பங்காகிவிடும். 50 ஆண்டு கழித்து வர வேண்டிய துரு 12, 13 ஆண்டுகளில் வந்துவிடும். அப்போது வீட்டுக்காரர் சிமெண்ட் கம்பெனியைத் திட்டுவார். கவர் பிளாக்கை எண்ணிப் பார்க்காமல் கான்கிரீட் போட அனுமதித்தவரின் பெயர் யாருக்கும் நினைவிருக்காது.

தண்ணீரின் கதையும் இத்தகையதே. சிமெண்ட் கெட்டிப்படுவதற்கு வேதியியல் அளவில் தேவைப்படும் நீர், அதன் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். மீதி, கலவை கையாள வசதியாக இருப்பதற்காக ஊற்றப்படுவது; அது பின்னர் ஆவியாகி, போன இடத்தில் நுண்துளைகளை விட்டுச்செல்லும். நீருக்கும் சிமெண்டுக்குமான விகிதமே கான்கிரீட்டின் வலிமையைத் தீர்மானிக்கிறது என்பதை அமெரிக்கரான டஃப் ஏப்ரம்ஸ் 1918-இல் வெளியிட்டார். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் என்று முடிவு செய்த கலவையில், கலவை கெட்டியாக இருக்கிறது, ஓட மாட்டேன் என்கிறது என்று சொல்லி இன்னும் 10 லிட்டரை ஊற்றினால், வலிமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். துளைகள் பெருகுவதால் துருவும் விரைந்து வரும். ஊற்றும்போது ஒரு நிமிடம் ஆகும் வேலை இது. பக்கத்தில் நின்று தடுக்க ஒருவர் இருந்தாரா என்பதை மட்டும் பின்னர் எந்தச் சோதனையாலும் கண்டறிய முடியாது. ஊற்றும் அன்று எடுத்து 28 நாள் நீரில் ஊறவைத்துச் சோதிக்கப்பட்ட கான்கிரீட் கட்டிகளின் அறிக்கை இருந்தால்தான் அதற்குச் சாட்சி உண்டு.

பால்கனியில் இந்த உண்மை இன்னும் கூர்மையாகத் தெரியும். சாதாரணத் தளம் இரு பக்கமும் தாங்கப்படுவதால் அதன் அடிப்பகுதி இழுபடும். ஆகவே முக்கியக் கம்பி கீழே கிடக்கும். சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனிக்கு நேர்மாறு: அதன் மேற்பகுதி இழுபடுவதால் முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். கம்பி கட்டுபவர் சரியாகவே மேலே கட்டி வைக்கிறார். கான்கிரீட் போடும் நாளில் ஆட்கள் சட்டி சுமந்து அதன் மேல் நடக்கிறார்கள். கம்பிக்கு அடியில் நிற்கும் தாங்கிகள் மெலிதாக இருந்தால், ஒவ்வொரு மிதிக்கும் கம்பி சிறிது சிறிதாக இறங்கும். பத்து நிமிடத்தில் மேல் கம்பி நடுக் கம்பியாகிவிடும். பார்ப்பதற்கு ஒரு வித்தியாசமும் இருக்காது. மேலே கான்கிரீட் கொட்டி மட்டம் தட்டிவிட்டால் அந்தப் பால்கனி பல ஆண்டுகள் நிற்கவும் கூடும். பின் ஒருநாள் சுவரோரமாக, தரையின் மேற்பரப்பில், சுவருக்கு இணையாக ஒரு மெல்லிய கோடு தெரியும். அந்தக் கோட்டின் மேல் டைல்ஸ் ஒட்டி மறைப்பதைவிடக் கொடிய கவனக்குறைவு வீட்டுப் பராமரிப்பில் வேறில்லை என்பேன்.

ஈரத்தின் வழி

ஈரத்தில் தடயம் பிடிப்பது கடினம். நீர் நுழையும் இடம் ஒன்று, வெளிப்படும் இடம் வேறு. எனினும் காலமும் வடிவமும் நிறையவே சொல்லும். தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் வரை ஏறி, ஒரு கோட்டில் நின்று, அங்கே உப்புப் பூத்து, பூச்சை மாவாக்கும் ஈரம் நிலத்தடியிலிருந்து ஓதம் ஏறுவது. அடித்தளமட்டத்தில் ஈரத்தடுப்புப் படலம் இல்லை, அல்லது பிற்காலத்தில் வெளித்தரையை உயர்த்தி அதைத் தாண்டிவிட்டார்கள் என்று பொருள். மழைக்கு மறுநாள் தோன்றி வெயிலில் மறையும் கறைக்குக் காரணம் வெளிச்சுவரோ மாடித் தளமோ. எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருக்கும் ஈரத்துக்கு அழுத்தமுள்ள தண்ணீர்க் குழாயைச் சந்தேகிக்கலாம். மேல்வீட்டில் குளித்த சில மணி நேரத்தில் கருமை கூடும் கூரை, குளியலறைத் தரையின் நீர்க்காப்பையும் வடிகுழாய் தரையைத் துளைத்து இறங்கும் இடத்தையும் காட்டுகிறது. குளிர்காலத்தில் மூலைகளிலும் அலமாரிக்குப் பின்னாலும் மட்டும் பூஞ்சை பிடித்தால், அது கசிவு இல்லாமல், காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிவதாகவும் இருக்கலாம். இதற்குக் கட்டியவரைக் குற்றம் சொல்லுமுன் காற்றோட்டத்தைப் பார்ப்பது நியாயம்.

குளியலறையையும் மொட்டைமாடியையும் டைல்ஸ் ஒட்டுமுன் வடிகாலை அடைத்துத் தண்ணீர் தேக்கி 24 முதல் 72 மணி நேரம் வைத்துப் பார்ப்பது எளிய சோதனை. டைல்ஸ் ஒட்டுமுன் செய்தால் அரை நாள் வேலையில் சரியாகிவிடும். பிறகு தெரிந்தால் மேல்வீட்டையும் கீழ்வீட்டையும் ஒருசேர உடைக்க வேண்டும்.

நீர் எவ்வளவு பெரிய கேட்டுக்கு வழி வகுக்கும் என்பதற்கு நியூசிலாந்து ஒரு பாடம். 1990-களிலும் அதற்குப் பின் சில ஆண்டுகளிலும் அங்கே கட்டிய ஏராளமான வீடுகளில், பூச்சுபோலத் தோன்றும் வெளித் தகடுகளை மரச்சட்டத்தின் மேல் நேரடியாக அடித்து, சுவரைத் தாண்டி நீளும் கூரை ஓரமான இறவாணமின்றிக் கட்டினார்கள். பூச்சியும் பூஞ்சையும் அரிக்காமல் இருக்க மருந்து ஏற்றாத மரத்தையும் சட்டத்துக்கு அனுமதித்திருந்தார்கள். தகட்டின் இடுக்கில் புகுந்த நீர் வெளியேற வழியின்றி உள்ளே மரத்தை அழுகவைத்தது. வடிவமைப்பாளர், தகடு தயாரித்தவர், கட்டியவர், விதியைத் தளர்த்தியவர், ஒப்புதல் தந்த உள்ளாட்சி என ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டுத் தவறு இருந்தது. கட்டிய நிறுவனங்கள் பல கலைந்துபோயிருந்ததால், வழக்குகளில் கடைசியாக நின்று பணம் கட்ட வேண்டியவையாக உள்ளாட்சிகளே மிஞ்சின.

பொறுப்பு எங்கே நிற்கிறது

கட்டுமானத்தில் பொறுப்பு பலரிடம் சிதறிக் கிடப்பதால் அது யாரிடமும் இல்லை என்ற எண்ணம் பரவியிருக்கிறது. இதை நான் ஏற்கவில்லை. வேலையின் ஒவ்வொரு கட்டத்துக்கும், அது மூடப்படுமுன் பார்க்கக் கடமைப்பட்ட ஒருவர் உண்டு. மண்ணைச் சோதிக்கச் சொல்ல வேண்டியவரும் அதன் முடிவுக்கு ஏற்ப அஸ்திவாரத்தைக் கணக்கிட வேண்டியவரும் கட்டமைப்புப் பொறியாளர். நீர் எங்கே நுழையும், எங்கே வெளியேறும் என்று வரைபடத்திலேயே தீர்க்க வேண்டியவர் கட்டடக் கலைஞர். வரைபடப்படி செய்ய வேண்டியவர் ஒப்பந்ததாரர்; வரைபடத்தில் கண்ணுக்குத் தெரியும் தவறு இருந்தால் செய்யாமல் நிறுத்திக் கேட்கவும் அவர் கடமைப்பட்டவர். கம்பி கட்டி முடித்ததும் எண்ணி, அளந்து, கையெழுத்திட்டு, அதன் பின்னரே கான்கிரீட்டுக்கு அனுமதி தர வேண்டியவர் மேற்பார்வையாளர். பார்க்காமல் போடும் கையெழுத்தைத் தொழில்முறைத் தவறு என்று மட்டும் சொல்லி விட்டுவிட முடியாது. அந்த வேலையைப் பார்க்கக் கிடைத்த கடைசிச் சந்தர்ப்பமும் அத்தோடு போய்விடுகிறது.

சட்டம் இவர்களை ஒரே அளவுகோலால் அளப்பதில்லை. பொறியாளரிடமும் கட்டடக் கலைஞரிடமும் எதிர்பார்ப்பது, அந்தத் தொழிலில் தேர்ந்த ஒருவர் அதே சூழலில் காட்டியிருக்கும் நியாயமான திறமையும் கவனமும். விளைவுக்கு அவர் உத்தரவாதம் தந்தவராகக் கருதப்படுவதில்லை. வீட்டைக் கட்டி விற்பவரிடம் பெரும்பாலும் விளைவே எதிர்பார்க்கப்படுகிறது: வீடு குடியிருக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வழக்கு தொடுக்க எண்ணுபவர் இந்த வேறுபாட்டை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பொறியாளர் மீதான புகாருக்கு, அவர் என்ன கவனிக்கத் தவறினார் என்று அதே துறை வல்லுநர் ஒருவர் எடுத்துரைக்க வேண்டியிருக்கும்.

இந்தப் பொறுப்பு மிகப் பழையது. இற்றைக்கு ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முந்திய பாபிலோனிய மன்னன் ஹம்முராபியின் சட்டத்தில், வீடு இடிந்து உரிமையாளர் இறந்தால் கட்டியவருக்கு மரண தண்டனை என்ற விதியைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அதே தொகுப்பின் 233-ஆம் விதியே பொருள் மிக்கதாகப் படுகிறது: கட்டிய சுவர் ஒழுங்காக இல்லாமல் சாயத் தொடங்கினால், கட்டியவர் தம் சொந்தப் பணத்தில் அதை உறுதிப்படுத்தித் தர வேண்டும். யாரும் சாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்ற அறிவு அன்றே இருந்திருக்கிறது.

1804-ஆம் ஆண்டின் பிரெஞ்சுக் குடிமைச் சட்டம் கட்டடக் கலைஞரையும் ஒப்பந்ததாரரையும் 10 ஆண்டுகளுக்குப் பொறுப்பாக்கியது. கட்டடம் கெடக் காரணம் கட்டுமானக் குறையானாலும், மண்ணின் குறையேயானாலும் அவர்களே பொறுப்பு என்றது. 'மண் சரியில்லை, நான் என்ன செய்வேன்' என்ற சமாதானத்துக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கே கதவு அடைக்கப்பட்டுவிட்டது. 1978-இல் அந்நாடு இன்னும் ஒரு படி சென்று, பொறுப்பு இருப்பதாகவே முன்கூட்டிக் கருதி, கட்டுபவரும் கட்டுவிப்பவரும் காப்பீடு எடுப்பதைக் கட்டாயமாக்கியது. அதனால் வீட்டுக்காரர் முதலில் பழுதுபார்க்கும் பணத்தைப் பெறுவார். யார் தவறு என்ற வாதத்தைக் காப்பீட்டு நிறுவனங்கள் பின்னர் தங்களுக்குள் நடத்திக்கொள்ளும். நான் அறிந்த ஏற்பாடுகளில், கூரை ஒழுகும்போது குடியிருப்பவரைக் காக்க வைக்காதது இதுவே.

இங்கிலாந்தில் 1972-ஆம் ஆண்டின் குறையுள்ள கட்டடங்கள் சட்டம் குடியிருக்கத் தகுதியை அளவுகோலாக்கியது. கிரென்ஃபெல் கோபுரத் தீயில் 72 பேர் இறந்தபின் வந்த 2022-ஆம் ஆண்டுச் சட்டம், வழக்கிடும் காலத்தைப் புதிய வீடுகளுக்கு 15 ஆண்டுகளாகவும், சட்டம் வருமுன் முடிந்தவற்றுக்கு 30 ஆண்டுகளாகவும் நீட்டியது. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, வீடு கையளித்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் தெரிவிக்கப்படும் கட்டமைப்புக் குறையையும் வேலைத்தரக் குறையையும், கட்டணமின்றி 30 நாட்களுக்குள் சரிசெய்யுமாறு விற்ற நிறுவனத்தைப் பணிக்கிறது. நியூசிலாந்தில் வழக்கிடுவதற்கான கடைசி வரம்பு 10 ஆண்டுகள். கவர் குறைந்த கம்பி 12-ஆம் ஆண்டில் துருவைக் காட்டும் என்றால், 5 ஆண்டும் 10 ஆண்டும் எத்தனை வீடுகளைக் கைவிட்டுவிடும் என்று எண்ணிப் பார்க்கலாம். ஆகவேதான் குறை தானாக வெளிவரும் வரை காத்திருக்காமல், காலக்கெடுவுக்குள் அதைத் தேடிச் செல்ல வேண்டியிருக்கிறது.

கட்டியவரிடம் நேரடியாக வாங்காமல் இரண்டாம் கை மூன்றாம் கையாக வாங்கியவரின் நிலை இன்னும் சிக்கலானது. இரு நாடுகளின் உச்ச நீதிமன்றங்கள் இதில் எதிரெதிர் திசையில் சென்றிருக்கின்றன. 1990-இல், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த ப்ரென்ட்வுட் வழக்கில், நிரப்பிய நிலத்தின் மேல் போட்ட கான்கிரீட் அடித்தளம் குறையுடையதாகி வீடு பிளந்தது. ஆலோசகப் பொறியாளர்களின் கணக்கை நம்பி உள்ளாட்சி அனுமதி தந்திருந்தது. யாருக்கும் காயம்படுமுன் தெரிந்துவிட்ட குறை வெறும் பண இழப்பே என்று கூறி, உள்ளாட்சியின் பொறுப்பை நீதிமன்றம் மறுத்தது. 1995-இல் கனடா வேறு விடை சொன்னது. வின்னிபெக்கில் 1974-இல் கட்டிய அடுக்குமாடியில், 1989-இல் ஒன்பதாம் தளத்திலிருந்து வெளிச்சுவரின் கற்பகுதி பெயர்ந்து விழுந்தது. நல்வாய்ப்பாக யாருக்கும் அடிபடவில்லை. ஆபத்தான குறையைச் சரிசெய்யும் செலவைப் பின்னாளில் வாங்கியவர்களும் கட்டியவரிடம் கேட்கலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல் யார் தலையிலாவது விழும் வரை காத்திருப்பவருக்கு வழி உண்டு, முன்கூட்டியே சரிசெய்பவருக்கு இல்லை என்றால் அந்தச் சட்டம் யாரைக் காக்கிறது? கனடாவின் பக்கமே நியாயம் இருப்பதாக நான் கருதுகிறேன்.

இன்னொரு கடமை அதிகம் பேசப்படுவதில்லை: கண்டதை உரக்கச் சொல்வது. புளோரிடாவின் சர்ஃப்சைடில் 2021 ஜூன் 24 அன்று 12 மாடிக் குடியிருப்பு ஒன்றின் பெரும்பகுதி இடிந்து 98 பேர் இறந்தார்கள். நீச்சல்குளத் தளத்தின் நீர்க்காப்பு கெட்டுவிட்டது, தளம் சரிவின்றித் தட்டையாக இருப்பதால் நீர் வடியவில்லை, அதன் கீழுள்ள கான்கிரீட் பெரிதும் சேதமாகியிருக்கிறது என்று 2018-லேயே ஒரு பொறியாளர் அறிக்கை குறிப்பிட்டிருந்தது. அறிக்கை எழுதுபவர் தம் கண்டுபிடிப்பைத் தொழில்மொழியில் பதிந்து ஒப்படைத்தால் கடமை முடிந்ததாகாது. எது அவசரம், எது ஓராண்டு பொறுக்கும், எதற்காக உடனே வெளியேற வேண்டும் என்பதை, பொறியியல் தெரியாத குடியிருப்பாளர் படித்தவுடன் புரிந்துகொள்ளும்படி முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

குறையைக் கண்ட வீட்டுக்காரர் செய்யத் தவறுவது பெரும்பாலும் ஒன்றே: ஆதாரத்தைத் தாமே அழித்துவிடுகிறார். கட்டியவர் அனுப்பும் ஆள் வந்து, விரிசலை அகலப்படுத்திக் கலவை அடைத்து, மேலே வண்ணம் அடித்துப் போய்விடுகிறார். காரணம் அப்படியே உள்ளே இருக்கிறது, தடயம் மட்டும் போய்விட்டது. அளவுகோலோடும் தேதியோடும் படமெடுத்து, எழுத்தில் தெரிவித்து, கட்டியவரோடு தொடர்பில்லாத பொறியாளரைக் கொண்டு பார்த்தபின்பே பழுதுபார்க்க விடுவது நல்லது. இடைக்காலத்தில் சேதம் பெருகாமல் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு. தடுத்திருக்கக்கூடிய சேதத்துக்கு நீதிமன்றங்கள் ஈடு தருவதில்லை. பொறியாளர் கொண்டுவரும் கருவிகளுக்கும் எல்லை உண்டு. சுத்தியல்போல மோதி எகிறும் கருவி கான்கிரீட்டின் மேற்பரப்பை மட்டுமே அறியும். கான்கிரீட்டுக்குள் மீயொலி ஓடும் வேகத்தை அளக்கும் கருவி, அது வினாடிக்கு 3 கிலோமீட்டருக்குக் கீழே இருந்தால் ஐயத்துக்கு இடமுண்டு என்று சொல்லும், காரணத்தைச் சொல்லாது. வலிமையை நேரில் அறிய உருளையாகத் துளைத்தெடுத்த மாதிரியை நசுக்கித்தான் பார்க்க வேண்டும்.

புதிதாக வீடு வாங்குபவர் சாவியோடு கேட்டுப் பெற வேண்டிய கோப்பு ஒன்று உண்டு. மண் பரிசோதனை அறிக்கை, உண்மையில் கட்டிய வடிவத்துக்கான கட்டமைப்பு வரைபடம், ஒவ்வொரு தளத்துக்குமான கான்கிரீட் கட்டிச் சோதனை முடிவு, நீர் தேக்கிப் பார்த்த தேதி, கான்கிரீட் போடுமுன் ஒவ்வொரு தளத்திலும் அளவுகோல் வைத்து எடுத்த கம்பிப் படங்கள், அவற்றின் கீழ்ப் பார்த்தவரின் கையெழுத்து ஆகியவை அதில் இருக்க வேண்டும். கோப்பு இல்லை என்றால், கம்பியைக் காந்தப்புலத்தால் தேடும் கவர் மீட்டரை வாடகைக்கு எடுத்து, பால்கனியின் மேற்பரப்பிலும் தூண்களின் நாலு முகங்களிலும் ஒருநாள் நகர்த்திப் பார்க்கலாம். எந்தக் கம்பி எத்தனை மில்லிமீட்டர் ஆழத்தில் கிடக்கிறது என்று அதன் திரையில் எண் வரும். அந்த எண்ணை வரைபடத்திலுள்ள எண்ணுக்கு நேரே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.